கிராபிக்ஸ் கார்டு விலை: இறக்குமதி வரி எவ்வளவு, போட்டியின்மை எவ்வளவு?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கிராபிக்ஸ் கார்டு விலை இவ்வளவு ஏறியதற்கு டிரம்ப் போட்ட இறக்குமதி வரி காரணமா, இல்லை என்விடியாவுக்குப் போட்டியே இல்லாமல் போனது காரணமா? வரியை எடுத்துவிட்டால் பழைய விலைக்கு வந்துவிடுமா?"

இரண்டும் காரணம்தான், ஆனால் சம பங்கு இல்லை. விலை எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்பதைப் போட்டியின்மை முன்பே தீர்மானித்துவிட்டது. வரி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்த வரிச்சுமையை யார் தலையில் கட்டுவது என்பதையும் மறுபடி போட்டியின்மைதான் தீர்மானித்தது. அதனால் வரியை எடுத்தால் விலை கொஞ்சம் இறங்கும். பழைய விலைக்குத் திரும்பாது. ஏன் என்று புரிய, ஒரு கார்டு கடைக்கு வந்து சேரும் வழியைப் பார்க்கவேண்டும்.

கணினித் திரையில் படத்தை வரைந்து தரும் பாகம்தான் கிராபிக்ஸ் கார்டு. அதன் சிப்பை என்விடியாவும் ஏஎம்டியும் வடிவமைக்கின்றன. சொந்தமாகச் சிப் தொழிற்சாலை கிடையாது. தைவானில் டிஎஸ்எம்சி அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையின் கேமிங் சிப்கள் மட்டும் சாம்சங்கிடம் போயின. மெமரி சிப்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. இவற்றை வாங்கி, போர்டில் பொருத்தி, ஹீட் சிங்க்கும் ஃபேனும் மாட்டிப் பெட்டியில் போட்டு விற்பவை ஏசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சோடாக், பாலிட், சஃபையர் போன்ற போர்டு நிறுவனங்கள். இவற்றில் பல தைவான் நிறுவனங்கள். ஆனால் போர்டு தயாராகும் தொழிற்சாலைகள் நீண்டகாலமாகப் பெரும்பாலும் சீனாவில்தான் இருந்தன. சுங்கத்துறைக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். சிப் தைவானில் பிறந்திருக்கலாம். கார்டாக உருப்பெற்ற இடம் சீனா என்றால், அமெரிக்கத் துறைமுகத்தில் அது சீனப் பொருள்.

வரியைக் கட்டுவது சீனா இல்லை. பொருளை இறக்குமதி செய்யும் நிறுவனம், அதாவது பெரும்பாலும் அந்தப் போர்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, சுங்கத்துறைக்குக் கட்டுகிறது. கடை விலைமேல் வரி கிடையாது, இறக்குமதி மதிப்பின்மேல்தான். உதாரணத்துக்கு 500 டாலர் மதிப்பில் இறங்கும் கார்டுக்கு 20 சதவீத வரி என்றால் 100 டாலர். ஆனால் விநியோகஸ்தரும் கடைக்காரரும் தங்கள் லாபத்தை சதவீதக் கணக்கில்தான் வைப்பார்கள். வரியோடு சேர்ந்த 600 டாலர்தான் அவர்களுக்குக் கொள்முதல் விலை, அதன்மேல்தான் அவர்கள் லாபம் ஏறும். எனவே 100 டாலர் வரி, கடைசியில் வாங்குபவர் கையில் 110, 115 டாலராக வந்து நிற்க வாய்ப்பு உண்டு.

இந்த வரி 2025-ல் திடீரென்று முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கதை 2018 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. சுமார் 20,000 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்கள்மேல் அமெரிக்கா 10 சதவீத வரி போட்டபோது, கணினி போர்டுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2019 மே மாதம் அது 25 சதவீதமாக ஏறியது. இடையில் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு 2020 டிசம்பர் 31-ல் காலாவதியானது. 2021 ஜனவரி முதல் வாரங்களிலேயே ஏசுஸ், ஈவிஜிஏ, சோடாக் ஆகியவை அமெரிக்காவில் விலையை ஏற்றின. ஏசுஸ் வெளிப்படையாகவே இறக்குமதி வரியையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

2022 மார்ச்சில் அமெரிக்க அரசு விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. அதுவும் 2021 அக்டோபர் 12-லிருந்து முன்தேதியிட்டு. அப்படியென்றால் அந்த மாதங்களில் கட்டிய வரியை இறக்குமதியாளர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த மாதங்களில் கூடுதல் விலை கொடுத்துக் கார்டு வாங்கியவருக்குப் பணம் திரும்ப வர அதில் எந்த ஏற்பாடும் இல்லை. வரி யாரிடம் வசூலாகிறது, யாருக்குத் திரும்புகிறது என்பதைக் கவனித்தால், இந்த முறையிலேயே வாங்குபவர் கணக்கில் இல்லை என்று தெரியும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கார்டு வாங்கக் காசு சேர்த்த கல்லூரி மாணவருக்கு அந்த வித்தியாசம் சின்னத் தொகை கிடையாது.

அதே 2022 ஏப்ரல் 1-லிருந்து ஏசுஸ் அமெரிக்காவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகளின் விலையை 25 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. ஆகவே வரிக்கு விலையில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துத் தோண்டுபவர்களின் தேவை சரியத் தொடங்கியிருந்தது, கிடங்குகளில் சரக்கு சேர்ந்துகொண்டிருந்தது. வரி விலக்கும் தேவைச் சரிவும் ஒரே சமயத்தில் வந்ததால், விலையைக் குறைக்க நிறுவனங்களுக்கு நெருக்கடி இருந்தது. தேவை உச்சத்தில் இருந்த 2021-ல் அதே விலக்கு வந்திருந்தால் விலை இவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம் 2025. பிப்ரவரி 4-ல் எல்லாச் சீனப் பொருட்கள்மேலும் 10 சதவீதம், மார்ச் 4-ல் அது 20 சதவீதம், ஏப்ரலில் பதிலடிக்குப் பதிலடி என்று ஏறி மொத்தம் 145 சதவீதம். ஏப்ரல் 11-ல் ஒரு முக்கியமான விதிவிலக்கு வந்தது: கணினிகள், ஸ்மார்ட்போன்கள், சிப்கள், கூடவே கிராபிக்ஸ் கார்டு இடம்பெறும் கணினி பாகங்கள் எல்லாம் அந்தப் பதிலடி வரியிலிருந்து விலக்கப்பட்டன. சீனாவிலிருந்து வரும் கார்டுகளுக்கு முந்தைய 20 சதவீதம் மட்டும் நீடித்தது. நவம்பரில் அது 10 ஆனது. 145 சதவீதம் என்ற எண் செய்திகளில் ஓடிக்கொண்டே இருந்ததால், கார்டு விலையில் அதுதான் ஏறிவிட்டது என்று பலர் நம்பினார்கள். கார்டுகளைப் பொறுத்தவரை அந்த எண் சில நாட்கள்கூட நிலைத்து நிற்கவில்லை. ஆனால் நாளை என்ன வரி என்று யாருக்கும் தெரியாத நிலை நிலைத்தது. அந்த நிச்சயமின்மைக்கும் ஒரு விலை உண்டு: இறக்குமதியாளர் நாளைய வரிக்கும் சேர்த்து இன்றே கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்வார். தொழிற்சாலையைச் சீனாவிலிருந்து இந்தோனேசியாவுக்கோ வியட்நாமுக்கோ தைவானுக்கோ மாற்றினால் அந்தச் செலவும் கார்டின் தலையில்தான் ஏறும்.

இதுவரை வரியின் பக்கம். கேள்வியின் மையம் இனிமேல்தான்.

பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் ஒரு விஷயம் உண்டு, கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போட்டி கடுமையாக இருக்கும் சந்தையில், எல்லாருக்கும் பொதுவாக ஒரு செலவு ஏறினால், அது கிட்டத்தட்ட முழுதாக வாங்குபவரிடம் போய்ச் சேரும். ஏனென்றால் அங்கே விற்பவர்களிடம் லாபமே மெலிந்துதான் இருக்கும். தாங்கிக்கொள்ள இடம் இல்லை. ஏகபோக நிறுவனமோ கணிசமான லாபத்தில் உட்கார்ந்திருப்பதால், சாதாரணக் கணக்கில் ஏறிய செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். முழுதையும் ஏற்றினால் விற்பனை குறைந்து தன் லாபமே அடிபடும் என்பதால்தான். "ஏகபோகம் என்றால் வரி முழுவதையும் நம்மிடம் தள்ளிவிடும்" என்ற பேச்சு, அப்படியே எடுத்துக்கொண்டால், தவறு.

பிறகு கிராபிக்ஸ் கார்டில் மட்டும் ஏன் வரி வாங்குபவரிடம் வந்து விழுகிறது? இங்கே சங்கிலி இரண்டு கண்ணிகளாகப் பிரிந்திருப்பதுதான் காரணம். மேல் கண்ணியில் என்விடியா: 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் மொத்த லாப விகிதம், அதாவது விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவது, 75 சதவீதம். கீழ்க் கண்ணியில் போர்டு நிறுவனங்கள்: ஒரே சிப்பை வாங்கி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் கார்டைச் செய்து, ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளும் மெலிந்த லாபக் கூட்டம். வரி கட்டவேண்டியவர்கள் இந்தக் கீழ்க் கண்ணிக்காரர்கள். அவர்களால் தாங்கமுடியாது, மேலே தள்ளவும் முடியாது. சிப் விலையைக் குறைக்கச் சொல்லி என்விடியாவிடம் பேரம் பேச அவர்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. மிஞ்சுவது கீழே இருக்கும் நாம்தான். லாபம் குவிந்திருக்கும் கண்ணியை வரி தொடுவதே இல்லை.

இந்தப் போர்டு நிறுவனங்களின் நிலைமை எப்படி என்பதற்கு ஈவிஜிஏ ஒன்றே போதும். அமெரிக்காவில் மிகவும் மதிக்கப்பட்ட என்விடியா கூட்டாளி அது. வருமானத்தின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுகளிலிருந்துதான் வந்தது. 2022 செப்டம்பரில், இந்தத் தொழிலையே விடுகிறோம் என்று அறிவித்துவிட்டு வெளியேறியது. சிப்பின் விலையும் கார்டின் அறிவிப்பு விலையும் கடைசி நேரம்வரை தெரியாமல் இருப்பது, என்விடியாவே தன் சொந்தக் கார்டை இறக்கிப் போட்டியிடுவது, லாபம் கரைந்துபோவது என்று அதன் தலைமை சொன்ன குறைகள் பொதுவெளியில் பதிவாகியிருக்கின்றன. உயர்ந்த விலைக்குக் கார்டு விற்ற காலத்துக்குப் பிறகும் முக்கால்வாசி வருமானத்தைக் கைவிட ஒரு நிறுவனம் தயாரானது என்றால், பணம் எந்தக் கண்ணியில் தங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

என்விடியா நினைத்தால் வரியில் ஒரு பங்கை ஏற்கலாம். 2025-ன் இரண்டாம் காலாண்டில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அனுப்பப்பட்ட தனிக் கார்டுகளில் அதன் பங்கு 94 சதவீதம், ஏஎம்டி 6 சதவீதம் என்று ஜான் பெடி ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கு சொன்னது. எஞ்சிய போட்டியாளரின் கார்டும் அதே பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து வந்து அதே வரியைத்தான் கட்டியது. அமெரிக்காவிலேயே தயாராகி, வரியில்லாமல் கடைக்கு வரும் கேமிங் கார்டு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இல்லை. உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கத்தான் இறக்குமதி வரி என்பார்கள். இங்கே காக்க ஆளே இல்லை, ஆகவே வாங்குபவர் ஓடி ஒளிய இடமும் இல்லை. வரிக்குப் பயந்து வாடிக்கையாளர் வேறு எங்கும் போகமாட்டார் என்று தெரிந்தபின் என்விடியா ஏன் தன் லாபத்தை விட்டுக்கொடுக்கும்?

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு இணைக் கதை இருக்கிறது. 2018 ஜனவரியில் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிமேல் வரி போட்டது. அமெரிக்க மத்திய வங்கியைச் சேர்ந்த ஒருவரும் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் இருவரும் பிறகு என்ன நடந்தது என்று கணக்கெடுத்தார்கள். வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியிருந்தது. அதில் வியப்பில்லை. ஆனால் வரியே போடாத துணி உலர்த்தும் டிரையரின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருந்தது. இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள், விற்பவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. அதனால் ஏற்றத்தை இரண்டிலும் பரப்பிவிட்டார்கள். உள்நாட்டில் தயாரித்து வரியே கட்டாத நிறுவனங்களும் விலையை ஏற்றின. விற்பவர்கள் குறைவாக இருக்கும் சந்தையில் வரி என்பது எல்லாரும் ஒரே நேரத்தில் விலையேற்ற ஒரு சாக்கு. கலந்து பேசத் தேவையே இல்லை. செய்தித்தாளில் வரும் அறிவிப்பே போதும்.

கலந்து பேசினார்களா என்ற சந்தேகமும் இந்தத் துறையில் ஒருமுறை வந்தது. 2006-ல் அமெரிக்க நீதித்துறை என்விடியாவையும் ஏஎம்டியையும் விசாரித்தது. 2008-ல் வழக்கு எதுவும் போடாமல் முடித்துக்கொண்டது. சட்டவிரோதமாக எதுவும் நடக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம். இரண்டே பேர் இருக்கும் சந்தையில் ஒருவர் விலையைப் பார்த்து மற்றவர் அதற்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டாலே போதும். 2020-ல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 விலை 699 டாலர், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி 649 டாலர். இந்த 50 டாலர் இடைவெளியைப் பல தலைமுறைகளில் பார்க்கலாம்.

போட்டி உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது என்று பாருங்கள். 2008 ஜூனில் என்விடியா ஜிடிஎக்ஸ் 280-ஐ 649 டாலருக்கும் ஜிடிஎக்ஸ் 260-ஐ 399 டாலருக்கும் இறக்கியது. அதே மாதம் ஏஎம்டி, ரேடியான் எச்டி 4870-ஐ 299 டாலருக்குக் கொண்டுவந்தது. சில வாரங்களில் 280-ன் விலை 499 ஆனது, 260-ன் விலை 299 ஆனது. 150 டாலர் அப்படியே போயிற்று. 2019 ஜூலையில் இன்னொரு முறை: ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டிக்கு 449 டாலர் என்று அறிவித்திருந்தது. என்விடியா "சூப்பர்" கார்டுகளை இறக்கியதும், விற்பனைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போதே 399 ஆகக் குறைத்தது. அப்போது சீனப் பொருட்கள்மேல் 25 சதவீத வரி நடப்பில் இருந்தது என்பதை மறக்கவேண்டாம். வரி இருந்த காலத்திலேயே, மோத ஒரு ஆள் வந்ததும் விலை இறங்கியது.

இதற்கு நேர் எதிரானது 2022. அப்போது கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வரி விலக்கு நடப்பில் இருந்தது. எத்தீரியம் தோண்டலும் செப்டம்பர் 15-ல் முடிந்துபோயிருந்தது. பழைய சரக்கு குவிந்து கிடந்தது. விலை ஏற எந்தக் காரணமும் இல்லாத நேரம். அந்த நேரத்தில் 699 டாலராக இருந்த "80" வகைக் கார்டின் அடுத்த தலைமுறை, ஆர்டிஎக்ஸ் 4080, 1,199 டாலருக்கு வந்தது. ஒரே தலைமுறையில் 70 சதவீதத்துக்கும் மேல். கூடவே 899 டாலருக்கு இன்னொரு 4080-ஐ அறிவித்தார்கள். மெமரி மட்டும் குறைவு என்பதுபோல் பெயர் வைத்திருந்தாலும் உள்ளே இருந்தது வேறு, சிறிய சிப். வாடிக்கையாளர்கள் கொதித்ததும் அக்டோபர் 14-ல் அதைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு விற்றார்கள். பெயரை மாற்றும்போதே 100 டாலர் குறைக்க முடிந்தது என்றால், அந்த விலை செலவிலிருந்து பிறந்ததா, வாங்குபவர் எவ்வளவு தாங்குவார் என்ற கணிப்பிலிருந்து பிறந்ததா?

நியாயமாகச் சொல்லவேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிப் தயாரிப்புச் செலவு உண்மையிலேயே ஏறியிருக்கிறது. சிப்களை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டுக்கு வேஃபர் என்று பெயர். டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் வகை வேஃபர், 3080-க்குப் பயன்பட்ட சாம்சங் 8 நானோமீட்டர் வேஃபரைவிட மிகவும் விலை கூடியது. சிப் சிறுக்கச் சிறுக்க விலை தானாகக் குறையும் காலம் முடிந்தது என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 2022-ல் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் 3080-ன் சிப் 628 சதுர மில்லிமீட்டர், 4080-ன் சிப் சுமார் 379. ஒரு வேஃபரிலிருந்து கிடைக்கும் சிப்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியிருக்கிறது. வேஃபர் விலையேற்றத்தில் ஒரு பகுதியை அது ஈடுகட்டிவிடும். 500 டாலர் கூடுதல் விலையைத் தொழில்நுட்பச் செலவு மட்டும் விளக்காது.

விலைச் சீட்டில் தெரியாத விலையேற்றம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதிகக் கோபம் தருவது அதுதான். 2016-ல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டை 8 ஜிபி மெமரியோடு 239 டாலருக்கு வாங்கலாம். 2023-ல் 299 டாலர் ஆர்டிஎக்ஸ் 4060-லும் 8 ஜிபிதான். 2025-ல் 299 டாலர் ஆர்டிஎக்ஸ் 5060-லும் அதே 8 ஜிபிதான். 3060 டிஐ கார்டில் 256 பிட்டாக இருந்த மெமரிப் பாதை (சிப்புக்கும் மெமரிக்கும் இடையில் தரவு போகும் வழியின் அகலம்), அதே 399 டாலர் விலையில் வந்த 4060 டிஐ-யில் 128 பிட்டாகச் சுருங்கியது. விலை ஏறவில்லை என்று தோன்றும். உள்ளே சரக்கு குறைந்திருக்கும். வரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெமரி நிறைய இருந்தால் அந்தக் கார்டு பல வருடம் ஓடும். சின்னச் செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கும் பயன்படும். விலை கூடிய தொழில்முறைக் கார்டுகளின் விற்பனையைத் தின்னும். அதனால்தான் அளந்து அளந்து வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு பலமான போட்டியாளர் இருந்திருந்தால் இப்படி அளக்க முடியாது.

ஏஎம்டி ஏன் விலையை அடித்து நொறுக்கவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். அதே டிஎஸ்எம்சி வேஃபரில் ஏஎம்டி சர்வர் பிராசஸரும் செயற்கை நுண்ணறிவுச் சிப்பும் செய்கிறது. அவற்றில் கிடைக்கும் லாபம் கேமிங் கார்டில் கிடைக்காது. சந்தைப் பங்கைப் பிடிக்க மலிவாக விற்றால், விலை உயர்ந்த சிப்புக்குப் போகவேண்டிய வேஃபரை வீணாக்கியதாகிவிடும். 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி நல்ல முயற்சி: 749 டாலர் 5070 டிஐ-க்கு எதிராக 599 டாலர். ஆனால் முதல் சரக்கு தீர்ந்ததும் பல மாதங்களுக்கு அந்த 599 டாலரில் கார்டு கிடைப்பதே அரிதாகிவிட்டது. என்விடியாவின் நிலையும் இதுதான், இன்னும் பெரிய அளவில். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 13,050 கோடி டாலர். டேட்டா சென்டர் மட்டும் 11,500 கோடி, கேமிங் வெறும் 1,135 கோடி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதன் வருமானத்தில் பாதி கேமிங். பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வாடிக்கையாளருக்காக விலைப்போரில் இறங்க யாருக்கும் அவசரம் இருக்காது.

மூன்றாவது ஆள் வருவதும் எளிதில்லை. 1990-களில் 3டிஎஃப்எக்ஸ், எஸ்3, மேட்ராக்ஸ், ஏடிஐ என்று பல பெயர்கள் இருந்தன. 3டிஎஃப்எக்ஸை 2000 இறுதியில் என்விடியா வாங்கியது, ஏடிஐ-யை 2006-ல் ஏஎம்டி வாங்கியது, மற்றவை ஓரமாக ஒதுங்கின. 2022-ல் இன்டெல் வந்தது. 2024 டிசம்பரில் அது இறக்கிய பி580 கார்டு 12 ஜிபி மெமரியோடு 249 டாலர். வாங்குபவருக்கு அருமையான கார்டு. ஆனால் அதன் சிப் 272 சதுர மில்லிமீட்டர். 299 டாலருக்கு விற்ற 4060-ன் சிப் 159-தான். பெரிய சிப்பைக் குறைந்த விலைக்கு விற்றால் இன்டெல் கையில் மிஞ்சுவது சொற்பம். இப்படி எத்தனை வருடம் தாங்கும்? 2025 செப்டம்பரில் இன்டெலில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக என்விடியா அறிவித்ததும் என் கவலை கூடியது.

சீனாவில் மூர் த்ரெட்ஸ் என்ற நிறுவனம் கேமிங் கார்டு செய்கிறது. வேகத்தில் இன்னும் பின்தங்கியதுதான். ஆனால் 2023 அக்டோபரில் அமெரிக்கா அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. முன்னணிச் சிப் தொழிற்சாலைகளின் கதவு அதற்கு மூடியது. அதற்கு நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த காரணங்கள் சொல்லப்பட்டன, அதை இங்கே விவாதிக்கப்போவதில்லை. விலையின் கோணத்தில் மட்டும் பார்த்தால், வர்த்தகக் கொள்கை இருக்கும் கார்டுகள்மேல் வரி போடுகிறது, நாளை போட்டியாளராக வரக்கூடியவரையும் வாசலில் நிறுத்துகிறது. வரியையும் போட்டியின்மையையும் முற்றிலும் தனித்தனியாகப் பிரிக்கமுடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே கிராபிக்ஸ் கார்டுக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது, 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 5070-க்கு என்விடியா இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 59,000 ரூபாய். அமெரிக்க அறிவிப்பு விலை 549 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 47,500 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் 56,000. அமெரிக்க விலையில் அங்குள்ள விற்பனை வரி சேராது என்பதால் இப்படித்தான் ஒப்பிடவேண்டும். டிரம்பின் வரி எட்டாத நாட்டிலும் அறிவிப்பு விலை ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. அடிப்படை விலையைத் தூக்கி நிறுத்தியது வரி இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேடவேண்டாம்.

சரி, வரி போனால் என்ன ஆகும்? சரக்கு தாராளமாக இருந்து தேவை மந்தமாக இருக்கும் நேரத்தில் போனால், 2022 வசந்தத்தில் நடந்ததுபோல் போர்டு நிறுவனங்களுக்குள் இருக்கும் போட்டியே அதன் பெரும்பகுதியை வாங்குபவரிடம் கொண்டுவந்து சேர்க்கும். சரக்குத் தட்டுப்பாட்டின்போது போனால், மிச்சமாகும் பணம் வழியிலேயே யாராவது ஒருவர் லாபத்தில் கரைந்துவிடும். இப்போதைய காற்று இரண்டாவது பக்கம்தான் அடிக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் மெமரியை விழுங்குவதால் மெமரி விலை ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது.

அதனால் அமெரிக்காவில் கார்டு வாங்கக் காத்திருப்பவர் வரிச் செய்திகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கடையில் உண்மையான விலை அறிவிப்பு விலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். கடைகளில் சரக்கு தங்கத் தொடங்கினால்தான் அந்த இடைவெளி மூடும். 300 டாலருக்குள் என்றால் 8 ஜிபி கார்டைத் தவிர்த்து இன்டெல் பி580 கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிராசஸரும் மதர்போர்டும் மிகவும் பழையதாக இருந்தால் மட்டும் அது ஒத்துவராது. 600 டாலருக்கு மேல் போவதாக இருந்தால் 9070 எக்ஸ்டியையும் 5070 டிஐ-யையும் அன்றைய கடை விலையில் ஒப்பிடுங்கள், அறிவிப்பு விலையில் இல்லை. இரண்டுக்கும் இடையில் 100 டாலருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் ஏஎம்டியைத்தான் எடுப்பேன்.